குரோமிய நிலத்தில் வெட்டிவேர்

"எந்தச் செடியை வெச்சா மண்ணுல இருக்கற குரோமியம் போகும்?"

பாலாற்றங்கரை ஊர்களிலிருந்து என்னைத் தேடி வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். வாணியம்பாடிப் பக்கத்து விவசாயி கேட்பார், ஆம்பூர்ப் பள்ளிக்கூட ஆசிரியர் கேட்பார், புதிதாக வேலைக்கு வந்த இளம் அதிகாரியும் கேட்பார். செடிகள் விஷத்தை உறிஞ்சி மண்ணைச் சுத்தமாக்கும் என்று எங்கோ படித்திருப்பார்கள். ஒரு பெயரைச் சொன்னால் அன்றே நாற்று வாங்கக் கிளம்பிவிடுவார்கள். மண் ஆய்வுக்கூடத்தில் தொடங்கி, கெட்டுப்போன நிலங்களில் செடி வைத்துக் காப்பாற்றும் வேலைக்கு வந்து சேர்ந்தவள் நான். பெயரைச் சொல்வதற்கு முன்னால் அவர்களை வரப்பில் உட்காரவைத்து நிறையப் பேசவேண்டியிருக்கிறது. அங்கே பேசுவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடுக்காயையும் ஆவாரம் பட்டையையும் ஊறவைத்து, வாரக்கணக்கில் பொறுமையாகத் தோல் பதனிட்ட ஊர்கள் இவை. குரோம் முறை நம் பக்கம் வந்தது 1900களின் தொடக்கத்தில். சென்னையில் ஆல்ஃப்ரட் சாட்டர்டன் அதைச் சோதித்துப் பரப்பினார். ஆனால் பாலாற்றங்கரையில் அது ஊரெங்கும் பரவியது 1970களுக்குப் பிறகுதான். பச்சைத்தோலையும் பாதி பதனிட்ட தோலையும் அப்படியே ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. முடித்த தோலாக அனுப்பு என்றது அரசு. பட்டையில் வாரக்கணக்கில் ஆகும் வேலை டிரம்மில் குரோம் உப்போடு சுழற்றினால் ஏறக்குறைய ஒரு நாளில் முடிந்துவிடும். வெளிர்நீலமாக வெளியே வரும் அந்தத் தோலை டேனரிகளில் 'வெட் ப்ளூ' என்பார்கள்.

போடுகிற குரோம் முழுவதும் தோலில் ஏறுவதில்லை. வழக்கமான முறையில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் ஏறும். மிச்சம் கழிவுநீரில் போகும். இன்று குரோமை மீட்டெடுக்கும் அமைப்புகளும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இருக்கின்றன. அவை வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்தத் தண்ணீர் ஓடைக்குப் போனது. ஓடையிலிருந்து ஏரிக்கும், ஏரியிலிருந்து கிணற்றுக்கும், கிணற்றிலிருந்து வயலுக்கும் வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பில் இரண்டு எண்கள் வருகின்றன. ஒரு கிலோ தோலை முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டது. நான் வேலை செய்கிற வயல்கள் அந்த 35,000 ஹெக்டேருக்குள் அடங்கியவை.

வரப்பில் நான் முதலில் எடுப்பது உப்புப் பேச்சு. கேட்கிறவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கும், அவர்கள் குரோமியத்தைப் பற்றிக் கேட்டு வந்தவர்கள். ஆனால் பயிரைச் சாகடிப்பது பெரும்பாலும் உப்புதான். தோல் அழுகாமல் இருக்க, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உப்பு தடவி அனுப்புகிறார்கள். டேனரியில் முதல் வேலையே அதை ஊறவைத்துக் கழுவுவது. அந்த உப்பெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டால், கோடையில் வயலைப் பார்க்கச் சொல்வேன். வெள்ளை பூத்துக் கிடக்கும். மழை பெய்தால் தண்ணீர் இறங்காது, மேலே தேங்கி நிற்கும். சோடியம் களிமண்ணைப் பிரித்துக் கலக்கி, துளைகளை எல்லாம் அடைத்துவிடுகிறது. "நெல்லு வெச்சா கதுரு வருது, பால் புடிக்கலம்மா" என்று ஒரு பெரியவர் சொன்னார். அவர் சொன்ன பதரில் உப்புக்கும் பங்கு உண்டு, குரோமியத்துக்கும் பங்கு உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் செடி வைப்பது பணத்துக்கும் உழைப்புக்கும் கேடு.

அடுத்தது குரோமியம். களத்தில் நாங்கள் 'குரோமியம் மூன்று', 'குரோமியம் ஆறு' என்போம். டிரம்மில் போடும் உப்பு மூன்று. அது மண்ணுக்கு வந்ததும் கரையாத படிவாக மாறி ஒட்டிக்கொள்கிறது, சுலபத்தில் நகராது. ஆறு வேறு குணம் உள்ளது. தண்ணீரில் கரையும். நம் காரத்தன்மையுள்ள மண் அதைப் பிடித்து வைக்காது, எனவே மழையோடு கிணறுவரை போகும். தூசியாக மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். மண்ணில் இருக்கும் மாங்கனீசு ஆக்சைடுகள் மூன்றை மெல்ல மெல்ல ஆறாக்கும். தொழுவுரமும் மக்கிய இலையும் நுண்ணுயிர்களும் ஆறைத் திரும்ப மூன்றாக்கும். இந்த இரண்டு வேலையும் ஒரே வயலில் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கின்றன. எந்தப் பக்கம் தூக்கலாக இருக்கிறது என்பதுதான் அந்த நிலத்தின் நோய்க்குறி. "குரோமியம் எவ்வளவு?" என்ற ஒற்றை எண்ணை வைத்து ஒரு வயலைப் பற்றி நான் எதுவும் சொல்வதில்லை. மொத்தம் எவ்வளவு, அதில் ஆறு எவ்வளவு, கரிமம் எவ்வளவு, கார அமில நிலை என்ன, இந்த நான்கும் வேண்டும்.

ஆறைக் கண்டுபிடிக்கும் சோதனை அழகானது. மண்ணைக் காரக் கரைசலில் வடித்து, அமிலம் சேர்த்து, டைஃபீனைல் கார்பசைடு விட்டால் ஊதா கலந்த இளஞ்சிவப்பு எழும். எவ்வளவு ஆழமான நிறமோ அவ்வளவு ஆறு. வயலின் சொந்தக்காரர் பக்கத்தில் நிற்கும்போது இதைச் செய்துகாட்ட எனக்குப் பிடிக்கும். பக்கம் பக்கமாக இருக்கும் ஆய்வு அறிக்கையை அவர் புரட்டமாட்டார், குப்பியில் எழும் நிறத்தைப் பார்த்தால் கேள்விகள் கேட்பார். "எங்க கெணத்துத் தண்ணிய ஊத்திப் பாருங்க" என்பது எப்போதும் அடுத்த வாக்கியமாக வரும்.

இனி செடி.

உலோகத்தை வாரிக் குடிக்கும் செடிகள் உலகில் உண்டு. அவற்றைப் படிக்கும்போது இன்றும் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை. பசிபிக் கடலில் நியூ கலிடோனியா தீவில் ஒரு மரம் இருக்கிறது. பட்டையைக் கீறினால் நீலப்பச்சை நிறத்தில் பால் வடியும். உலர்ந்த அந்தப் பாலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு நிக்கல். ழாஃப்ரே என்ற தாவரவியலாளரும் அவரது கூட்டாளிகளும் 1976இல் இதை வெளியிட்டார்கள். 2001இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், மரத்துக்கு மருந்தேற்றி வந்த ஒரு பழைய தளத்தில், ஆர்சனிக்கை இலைக்குள் குவித்து வைக்கும் பெரணியை லேனா மாவின் குழு கண்டறிந்தது. அந்தப் பெரணி நம் ஊர்ப் பழைய சுண்ணாம்புச் சுவர்களிலும் முளைக்கிறது. மலேசியாவின் சபா மாநிலத்தில் நிக்கல் சேர்க்கும் ஒரு குறுமரம், நம் கீழாநெல்லியின் பேரினத்தைச் சேர்ந்தது. இந்தத் துறையின் முன்னோடியான ரூஃபஸ் சேனியின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். அல்பேனியாவில் நிக்கல் மண்ணில் ஒரு காட்டுப்பூச்செடியைப் பயிரிட்டு, ஹெக்டேருக்கு 100 கிலோ அளவுக்கு நிக்கல் அறுவடை செய்து காட்டியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டவுடன் எதிரே இருப்பவரின் முகம் மலரும். அப்போது நான் கணக்கை எடுப்பேன். தோராயக் கணக்குத்தான், ஆனால் இதைச் செய்யாமல் யாரும் ஒரு நாற்றுகூட நடக்கூடாது.

ஒரு ஏக்கரில் மேல்மண்ணை 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எடுத்தால் எடை ஏறக்குறைய 1,000 டன். கிலோ மண்ணில் 1,000 மில்லிகிராம் குரோமியம் என்று வைத்துக்கொள்வோம், இந்தப் பகுதியில் அதைவிட மோசமான வயல்களும் உண்டு. அப்படியானால் அந்த ஏக்கரில் இருப்பது 1,000 கிலோ குரோமியம். நன்றாக வளரும் ஒரு செடி ஆண்டுக்கு 5 டன் உலர்ந்த தண்டும் இலையும் தருகிறது. அந்த இலைதழையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் குரோமியம் ஏறுகிறது. மொத்தமாக அறுத்து வெளியே கொண்டுபோவது 250 கிராம். இருப்பதில் பாதியைக் குறைக்கவே 2,000 ஆண்டுகள் வேண்டும்.

இதைச் சொல்லி முடித்ததும் ஒரு மௌனம் விழும். ஒருமுறை ஒரு இளைஞர் மண்ணில் குச்சியால் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்து, "சுழி எதுனா தப்பா மேடம்?" என்றார். சுழி சரிதான்.

நிக்கலுக்கு நடப்பது குரோமியத்துக்கு ஏன் நடப்பதில்லை? கரையாத மூன்றை வேரால் இழுக்க முடிவதில்லை. கரையும் ஆறு, சல்பேட்டை உள்ளே விடும் வாசல் வழியாக வேருக்குள் நுழைந்துவிடுகிறது. ஆனால் நுழைந்ததும் வேர் அதை மூன்றாக்கி, தன் உயிரணுக்களின் அறைகளுக்குள்ளேயே அடைத்துவிடுகிறது. தண்டுக்கும் இலைக்கும் போவது கொஞ்சம். சீனாவில் ஒரு நீர்ப்புல்லில் குரோமியம் அதிகமாக ஏறுவதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன, அதற்குத் தண்ணீர் தேங்கிய இடம் வேண்டும். நம் மேட்டுக்கால் வயலில் வைத்து அறுவடை எடுக்கத் தக்க செடி கிடையாது. 1990களில் கடுகுச் செடியை வைத்து ஈயத்தை உறிஞ்சச் செய்கிறேன் என்று, ஈயத்தைக் கரைக்கும் இடிடிஏ மருந்தை மண்ணில் ஊற்றிப் பார்த்தார்கள். செடி கொஞ்சம் குடித்தது. மிச்சம் கரைந்து நிலத்தடிக்கு இறங்கியது. செடிக்குக் கிடைக்கும்படி ஒரு உலோகத்தைக் கரைத்தால் கிணற்றுக்கும் அது கிடைக்கும். இந்த வட்டாரத்தில் யாராவது அப்படிக் கரைக்கும் மருந்து கொண்டுவந்தால் வயலுக்குள் விடவேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்படியானால் செடி எதற்கு? குரோமியத்தை வெளியே கொண்டுபோவதற்கு அல்ல, இருக்கிற இடத்திலேயே, கரையாத மூன்றாக, அசையாமல் பிடித்து வைப்பதற்கு. காற்றில் தூசியாகப் பறக்காமல், மழையில் ஏரிக்கு வழியாமல், ஆறாக மாறிக் கிணற்றுக்கு இறங்காமல் வைத்திருப்பதற்கு. இலைக்கு ஏறாமல் வேரிலேயே குரோமியம் நின்றுவிடுகிறது என்பது உறிஞ்சி எடுக்க நினைப்பவருக்குக் குறை. எங்களுக்கு அதுதான் வேண்டும். என் தொழிலின் நம்பிக்கை முழுவதும் இந்த ஒரு குணத்தின் மேல் நிற்கிறது.

வேலையின் வரிசை முக்கியம். உப்பைக் கழுவ ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். குரோமிய வயலில் அதை முதலில் செய்தால் உப்போடு ஆறும் கீழே இறங்கும். அதனால் முதலில் கரிமம். ஏக்கருக்கு 10 டன் தொழுவுரம், கிடைத்தால் தென்னைநார்க் கழிவு மக்கு. பிறகு தக்கைப்பூண்டு. உப்பையும் தேங்கிய நீரையும் தாங்கி வளரும் பயிர் அது. ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, ஒன்றரை மாதத்தில் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதுவிடுவோம். உழுத சில வாரங்களுக்குப் பிறகு மண்ணை எடுத்து அந்த இளஞ்சிவப்புச் சோதனையைச் செய்தால் நிறம் வெளிறியிருக்கும். நிறம் போதுமான அளவு வெளிறும்வரை அடுத்த வேலையைத் தொடமாட்டேன். அதன் பிறகுதான் ஜிப்சமும், உப்புநீர் வடிய ஓரக்கால்வாயும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்ணியல் ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியக் குழுவோடு சேர்ந்து இந்த மண்ணைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 1999இல் கோவையில் இதற்கென்றே ஒரு பயிலரங்கும் நடந்தது. கரிமம் போட்டு ஆறை மூன்றாக்குவது பற்றி அவர்கள் வேலையிலிருந்து நான் கற்றது நிறைய.

பிறகு வெட்டிவேர். தூரைப் பிரித்து, இலையை ஒரு சாண் விட்டு நறுக்கி, நல்ல மண்ணும் மக்கும் நிரப்பிய பைகளில் முதலில் வளர்க்கிறோம். நேராக உப்பு வயலில் வைத்தால் இளம் தூர் கருகிவிடும். ஆவணி மழையில் மண் நெகிழ்ந்ததும், சரிவுக்குக் குறுக்கே வரிசை பிடித்து, தூருக்குத் தூர் அரை சாண் இடைவெளியில் நடுகிறோம். நெருக்கமாக நட்டால்தான் வேலியாக அடைத்து, வழிந்து வரும் வண்டலை நிறுத்தும். நல்ல மண்ணில் இதன் வேர் 3 மீட்டருக்கும் கீழே போகும். நம் பக்கம் அடியில் சுக்கான் இருக்கிற வயலில் அவ்வளவு போகாது, ஆனால் சுக்கானுக்கு மேலே இருக்கிற மண் முழுவதையும் பின்னிக்கொள்ளும். அந்த வேர்கள் மழைநீரைக் கீழே இறங்கவிடாமல் குடித்து இலை வழியாக ஆவியாக்குகின்றன. வேரிலிருந்து கசியும் கரிமம் நுண்ணுயிர்களுக்கு இரையாகி, ஆறு மூன்றாக மாறுவது தொடர்ந்து நடக்கிறது. நாங்கள் வைக்கும் வகை விதை போட்டுப் பரவுவதில்லை, பக்கத்து வயலுக்குக் களையாகப் போகாது.

வரிசைகளுக்கு நடுவில் என்ன வைப்பது என்பதில்தான் நான் பல பேரோடு வாதாடியிருக்கிறேன். எவ்வளவு உலோகத்தைத் தாங்கும், எவ்வளவு வேகமாக வளரும் என்றுதான் ஆய்வுக் கட்டுரைகள் செடியைத் தேர்ந்தெடுக்கும். யாருடைய வாய்க்குப் போகும் என்பதை நான் முதலில் கேட்பேன். அரளியை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பைத் தாங்கும், வறட்சியைத் தாங்கும், மாலை கட்டப் பூ விலைக்குப் போகும். எல்லாவற்றையும்விட, ஆடு தொடாது. அதன் பாலில் இருக்கும் நஞ்சு இந்த வயலுக்குக் காவல். எருக்கும் அப்படித்தான், அது தானாகவே வருகிறது, நான் பிடுங்கவிடுவதில்லை. மேய்ப்பவர்கள் விரும்பும் அகத்தியையோ வேலிமசாலையோ இந்த நிலத்தில் வைப்பதற்கு நான் ஒருபோதும் சம்மதித்ததில்லை. குரோமியம் இலைக்குக் கொஞ்சமாகத்தான் ஏறும் என்று நானேதான் சொன்னேன். ஆனால் தினமும் அதையே தின்னும் ஒரு ஆட்டுக்கும், அதன் பாலைக் குடிக்கும் ஒரு குழந்தைக்கும் 'கொஞ்சம்' என்ற சொல்லை நான் நம்பமாட்டேன். இலையின் மேல் படிந்திருக்கும் மண்ணும் கூடவே வயிற்றுக்குப் போகிறது.

இந்தப் படிந்த மண் ஆய்வுகளையே ஏமாற்றும். "இந்தச் செடி குரோமியத்தை இவ்வளவு ஏற்றுகிறது" என்று ஒரு அறிக்கை வந்தால், இலையை எப்படிக் கழுவினீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். குழாய் நீர், பிறகு நீர்த்த அமிலம், பிறகு வடிநீர் என்று கழுவாமல் பொடித்தால் ஆய்வுக் கருவி காட்டுவது இலையின் கணக்கை அல்ல, தூசியின் கணக்கை. மண் எடுக்கும்போதும் அப்படி ஒரு கவனம் வேண்டும். எவர்சில்வர் கரண்டியில் குரோமியம் இருக்கிறது. வீட்டில் புழங்கும் வகையில் நூற்றுக்குப் 18 பங்குவரை. அதனால் எங்கள் பையில் பிளாஸ்டிக் கரண்டியும் மூங்கில் குச்சியும்தான் இருக்கும்.

வெட்டிவேர் வளர்ந்து இரண்டாம் கோடையில் என் வேலையின் கடினமான பகுதி தொடங்குகிறது. வெட்டிவேருக்குச் சந்தை இருக்கிறது. கடலூர்க் கடற்கரை மணலில் அதைப் பயிராகவே செய்கிறார்கள். தட்டி, விசிறி, சாமிக்கு மாலை, எண்ணெய், மண்பானையில் போட்டுக் குடிக்கும் வேர் என்று எல்லாவற்றுக்கும் அது போகிறது. எங்கள் வரிசைகள் செழித்ததைப் பார்த்து ஒரு வியாபாரி வந்தார். நல்ல விலை சொன்னார். நிலத்துக்குச் சொந்தக்காரியான அக்கா என்னைக் கூப்பிட்டு, "வேரு இந்த வெலைக்குப் போவுதாமே, ஒரு வரிசையாவது தோண்டிக் குடுக்கட்டுமா?" என்று கேட்டார். ஆண்டுக்கணக்காக அந்த நிலம் அவருக்கு ஒரு ரூபாய் தந்ததில்லை. அந்தக் கேள்வியில் பேராசை எதுவும் இல்லை.

நான் அவரைக் கூட்டிப்போய் ஒரு தூரின் வேரைக் கொஞ்சம் வெட்டி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் அளந்த எண்ணைக் காட்டினேன். செடியில் இருக்கும் குரோமியத்தில் பெரும்பங்கு இந்த வேரில்தான் இருக்கிறது. இதை யாரோ ஒருவர் வீட்டில், கோடையில், குழந்தைகள் குடிக்கும் பானையில் போடுவார்கள். எண்ணெயாக வடித்தால் உலோகம் ஆவியோடு வராது என்பது உண்மைதான். ஆனால் வடித்த பிறகு மிஞ்சும் சக்கை எங்கே போகும்? அதைக் கேட்கும் வியாபாரி யாரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. தவிர, வேரைத் தோண்டினால் இத்தனை நாள் கட்டிவைத்த மண் உடைந்து காற்றுப்பட்டுக் கிடக்கும். அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வியாபாரியிடம் அவரே பேசி அனுப்பிவிட்டார். நட்டம் அவருக்கு, பலன் முகம் தெரியாத யாருக்கோ. இந்த நட்டத்தை ஈடுகட்டும் வழி எந்தத் திட்டத்திலும் எழுதப்படவில்லை என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

விறகு இதைவிடச் சிக்கல். யாரும் வைக்காமலே இந்த நிலங்களில் வேலிகாத்தான் மண்டி நிற்கிறது. மற்ற இடங்களில் அதை வேரோடு எடுக்கவேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இங்கே அது மண்ணை மூடி நிற்கிறது, அவசரப்பட்டு எடுத்தால் அடுத்த சித்திரைக் காற்றில் தூசி ஊருக்குள் வரும். ஆனால் அதை வெட்டி அடுப்பெரிக்கிறார்கள். நம் விறகுச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும் காரமும் உண்டு. காற்றோட்டத்தில், காரத்தோடு சேர்ந்து எரியும்போது மூன்று ஆறாக மாறும். குரோமேட் ஆலைகளில் தாதுவைச் சோடாவோடு சேர்த்து உலையில் வறுப்பதும் இதே வேதியியல்தான். அந்தச் சாம்பலால் பாத்திரம் துலக்குகிறார்கள், அதையே கீரைப் பாத்திக்குத் தூவுகிறார்கள். எரிக்காதே என்று சொல்லிவிட்டு வர எனக்கு மனம் வராது, அந்த வீடுகளில் வேறு விறகு இல்லை. அதனால் வெட்டிய கட்டையைக் காற்றில்லாமல் கரியாக்கி, அந்தக் கரியைப் பொடித்து அதே வயலில் போடும் முறையைக் கொண்டுவர முயல்கிறோம். காற்றில்லாத சூட்டில் ஆறு உண்டாகும் ஆபத்து குறைவு, கரித்தூளும் மண்ணில் நெடுநாள் நின்று குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். வெட்டுக்கூலிக்கு ஈடாக வெளியிலிருந்து விறகு தருகிற ஏற்பாடு சில தெருக்களில் நடக்கிறது, சில தெருக்களில் நடக்கவில்லை.

செடி உதவாத இடமும் உண்டு. ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்றின் வளாகத்தில் 2 லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு குவிந்து கிடந்தது ஊரறிந்த செய்தி. அது உறையும் மூன்று அல்ல, கரைந்து மஞ்சளாகக் கசியும் ஆறு. அந்தக் குவியலின் மேல் எதை நட்டாலும் அது முளைக்காது, முளைத்தாலும் ஒன்றும் ஆகாது. அங்கே வேண்டியது பொறியியல்: கழிவை அள்ளிப் பாதுகாப்பான குழியில் அடைப்பது, கசிவைத் தடுத்து நிறுத்துவது, நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிப்பது. 'பசுமை முறை' என்று சொல்லி அப்படிப்பட்ட இடத்தில் மரக்கன்று நடும் விழாவுக்கு அழைப்பு வந்தால் நான் போவதில்லை. செலவாகும் வேலையைத் தள்ளிப்போட என் செடிகளைச் சாக்காகக் காட்டக்கூடாது.

வயலுக்குத் திரும்புகிறேன். அக்காவுடைய கேள்வி ஒன்று ஒவ்வொரு பருவத்திலும் வரும்: "அப்போ எப்பதான் நெல்லு நடறது?" மேட்டுப்பக்க நிலத்தில் குரோமியம் குறைவு, உப்பும் வடிந்துவிட்டது. அங்கே கேழ்வரகு போட்டுப் பார்த்தோம். வைக்கோல், தானியம், உமி மூன்றையும் தனித்தனியே சோதனைக்கு அனுப்பினோம். தானியத்தில் கவலைப்படும்படி எதுவும் வரவில்லை. ஆனால் ஒரு பருவத்து முடிவை வைத்து நான் கையெழுத்துப் போடமாட்டேன், மழை அதிகமான ஆண்டும் குறைந்த ஆண்டும் பார்க்கவேண்டும். பள்ளத்துப் பக்கத்தைப் பற்றி அவருக்கு நேராகவே சொல்லிவிட்டேன்: உங்கள் காலத்தில் அங்கே நெல் வேண்டாம், உங்கள் பையன் காலத்திலும் அநேகமாக வேண்டாம். குரோமியம் அங்கேயேதான் இருக்கிறது. தொழுவுரம் போடுவது நின்றாலோ, வெட்டிவேர் வரிசை அழிந்தாலோ மாங்கனீசு தன் வேலையைத் தொடங்கிவிடும்.

இதனால்தான் மூன்றாண்டுத் திட்டங்களை நினைத்து எனக்குக் கவலை. பணம் வரும், நாற்று வாங்குவோம், படம் எடுப்போம், அறிக்கை எழுதுவோம், மூன்றாம் ஆண்டு பங்குனியில் கணக்கு முடியும். நாலாம் ஆண்டு யார் எரு போடுவது? ஐந்தாம் ஆண்டு கிணற்றுத் தண்ணீரை யார் சோதிப்பது? கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் உறுதியானதே இந்த ஊர்களின் வழக்கால்தான். அந்தச் செலவு என்பது ஒருமுறை கொடுக்கும் இழப்பீட்டோடு முடிவதல்ல. ஆண்டுதோறும் எருவுக்கும், காவலுக்கும், சோதனைக்கும், விற்காமல் விட்ட வேருக்கும் பணம் வேண்டும். போகிற கூட்டங்களில் எல்லாம் நான் கேட்பது இந்த நான்கு தலைப்பிலும் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒதுக்கீடு. சோதனைக்கு மட்டும் இதுவரை வாய்மொழி ஒப்புதல் கிடைத்திருக்கிறது.

அக்கா இந்த ஆவணியில் பள்ளத்துப் பக்கம் மிச்சமிருக்கும் அரை ஏக்கரிலும் அரளி வைக்கிறேன் என்கிறார். வெள்ளை வேண்டாம், செவ்வரளிதான் பூக்கடையில் ஓடுகிறதாம். பதியன்களுக்குச் சொல்லிவிட்டேன். ஐப்பசி மழை நின்றதும் கிணற்றில் தண்ணீர் எடுக்க வருவதாகவும் சொல்லியிருக்கிறேன், இந்த முறை பக்கத்து வயல்காரரும் தன் கிணற்றைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்.